மஞ்சளும் கவுனியும் நரம்பு நோய்க்கு மருந்தாகுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. பாதம் மரத்துப்போகிறது, சில மாதமாக வலது கை நடுங்குகிறது, பெயர்கள் மறந்துபோகின்றன. உறவுக்காரர் ஒருவர் மஞ்சள்-மிளகு கேப்சூல், பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை, திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் கேப்சூல் மூன்றையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். “எல்லாம் பாலிஃபீனால், நரம்பைப் புதுப்பிக்கும், மாத்திரைகளை மெல்ல நிறுத்திவிடலாம்” என்றும் சொல்லியிருக்கிறார். இது உண்மையா? எவ்வளவு கொடுக்கலாம்? மாத்திரையை நிறுத்தலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. இன்றுவரை எந்தப் பாலிஃபீனாலும் பார்க்கின்சன் (நடுக்க நோய்), அல்சைமர் (மறதி நோய்), சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம் ஆகியவற்றை நிறுத்தியதாகவோ திருப்பியதாகவோ பெரிய மனித ஆய்வு எதிலும் நிரூபணமாகவில்லை. அதே பொருள்கள் சாப்பாட்டில் வருடக்கணக்காக இருப்பதற்கு நல்ல நியாயம் உண்டு. கேப்சூலாக விழுங்குவதற்கு அந்த நியாயம் செல்லாது. ஏன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. மரத்துப்போவது, நடுக்கம், மறதி மூன்றையும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம், அவற்றில் சில முழுக்கச் சரிசெய்யக்கூடியவை.

பாதம் மரத்துப்போவதற்கு நம் பகுதியில் முதல் காரணம் சர்க்கரை. ஆனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் அதே மரத்துப்போதலைக் கொண்டுவரும், மறதியையும் கூட்டும். ரத்தத்தில் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஊசியாலோ மாத்திரையாலோ ஏற்றிவிடலாம். தாமதித்தால் சேதம் நிரந்தரமாகிவிடும். நம் கீரை, காய், தானியம் எதிலும் பி12 கிடையாது என்பதால் மூலிகை எதைக் கொடுத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. பாதத்தை 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் சோதிப்பது ஐந்து நிமிட வேலை, சர்க்கரை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கை நடுக்கத்துக்கு வருவோம். கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்கி, டம்ளரை எடுக்கும்போது குறைந்தால் பார்க்கின்சன் பக்கம் சந்தேகிக்கலாம். எடுக்கும்போதுதான் நடுங்குகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். இதைவிட முக்கியமானது, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் பெயர் படிப்பது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, வயிற்று உப்புசத்துக்கு அமில மாத்திரையோடு சேர்ந்தே வரும் லெவோசல்பிரைடு, இவை நான்கும் பார்க்கின்சனைப் போலவே நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கும். ‘கேஸ் மாத்திரை’ என்று மாதக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிற வயதானவர்கள் டெல்டாவில் எத்தனையோ பேர். மருத்துவர் சொல்லி அதை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நடுக்கம் குறைந்துவிடும். மறதிக்குத் தைராய்டு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், சர்க்கரை அடிக்கடி இறங்குவது எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அல்சைமர் என்ற பேச்சே வரவேண்டும்.

இனி பாலிஃபீனாலுக்கு வருகிறேன். வெயில், பூச்சி, பூஞ்சணம் ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி செய்துகொள்ளும் ஒரு பெரிய வேதிக்குடும்பம் அது. வாழைப்பூவும் இளம் நாவல்பழமும் நாக்கில் துவர்க்கின்றனவே, அந்தத் துவர்ப்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மஞ்சளில் குர்குமின், சின்ன வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் குவெர்செட்டின், கருப்புக் கவுனியிலும் நாவல்பழத் தோலிலும் ஆந்தோசயனின், நெல்லிக்காயில் காலிக் அமிலமும் எலாஜிக் அமிலமும், எள்ளில் லிக்னான்கள், அரிசித் தவிட்டில் ஃபெருலிக் அமிலம், தேயிலையில் கேட்டகின்கள். வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டின் முக்கியச் சத்து டிரைடெர்பீன் என்ற வேறு குடும்பம். ஆகவே பாலிஃபீனால் என்று விளம்பரம் செய்து இவற்றை விற்பது தவறு.

விஞ்ஞானிகளுக்கு இவற்றின் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அல்சைமரில் அமைலாய்டு-பீட்டா என்ற புரதத் துண்டு மூளைச் செல்களுக்கு வெளியே திரள்கிறது, டௌ என்ற புரதம் உள்ளே முறுக்கிக்கொள்கிறது. பார்க்கின்சனில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு, உடல் அசைவை நடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சாகின்றன. பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி என்ற பொருளைச் சோதனைக் குழாயில் சேர்த்தால் அமைலாய்டு-பீட்டாவும் ஆல்ஃபா-சைனூக்ளினும் நீள் இழைகளாகக் கோப்பதற்குப் பதிலாக நச்சுக் குறைந்த உருண்டைகளாகத் திரும்புகின்றன. இது 2008இல் வெளியான ஆய்வு. குர்குமினும் அமைலாய்டோடு ஒட்டிக்கொள்ளும். எலிகளில் நல்ல முடிவுகள் ஏராளம்.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் செல்களின் மேல் ஊற்றுவது பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு). சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் இந்தப் பொருள்கள் 1 மைக்ரோமோலாரைத் தொடுவதே அபூர்வம். குடல் சுவரும் கல்லீரலும் உடனே அவற்றின் மேல் சர்க்கரையையோ சல்ஃபேட்டையோ ஒட்டி வெளியேற்றிவிடுகின்றன. மிஞ்சுவதில் இன்னும் சிறு பங்குதான் ரத்த-மூளைத் தடுப்பைக் கடக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர்வதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குர்குமினுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. உடலின் சராசரிக் காரத்தன்மையில், 37 டிகிரி வெப்பத்தில், புரதம் எதுவும் இல்லாத கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது.

உணவாகச் சாப்பிடும்போது வேலை செய்வது பெரும்பாலும் மூலப்பொருளே அல்ல, பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை உடைத்துத் தரும் சிறு துண்டுகள். நெல்லிக்காயின் எலாஜிக் அமிலத்திலிருந்து யூரோலித்தின் வருகிறது, அதுவும் எல்லோர் குடலிலும் இல்லை. அதைச் செய்யும் பாக்டீரியா இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஒரே உணவு இருவருக்கு இரு பலன் தருவதற்கு இது ஒரு காரணம்.

‘ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்’ என்ற ஒரே வரியை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. அந்த வரி எவ்வளவு அரைகுறை என்பதற்கு வெற்றிலைச் செல்லமே சாட்சி. பாக்கில் கேட்டகின் வகைப் பாலிஃபீனால் நிறைய உண்டு. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயில் காரத்தன்மை ஏறுகிறது, அதே கேட்டகின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகிறது. வாய் சிவப்பது அந்த வேதிவினையின் நிறம். பாக்கு, புகையிலை இல்லாவிட்டாலும், வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையில் நல்ல ஃபீனால்கள் இருக்கின்றன, உண்மைதான். அதற்காகச் சீவலோடும் சுண்ணாம்போடும் மெல்வதை நரம்புக்கு மருந்து என்று யாரும் சொல்லக்கூடாது.

மனிதர்களில் நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லேசானது முதல் நடுத்தரம் வரையான அல்சைமர் உள்ள 36 பேருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமினோ, மருந்தில்லாத வெற்று மாத்திரையோ 24 வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குர்குமின் சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை, ரத்தத்திலும் மிகக் குறைவாகவே சேர்ந்திருந்தது. 2018இல் லாஸ் ஏஞ்சலஸில், எளிதாக உறிஞ்சப்படும் வகையில் தயாரித்த குர்குமின் 90 மில்லிகிராம் இரண்டு வேளை 18 மாதம் கொடுத்தபோது நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் 40 பேர்தான், மறதி நோய் இல்லாதவர்கள். விளம்பரத்தில் வருவது இந்த இரண்டாவது ஆய்வு மட்டும்.

ரெஸ்வெரட்ராலில் 2015இல் 119 அல்சைமர் நோயாளிகளிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. அளவைப் படிப்படியாக ஏற்றி நாளுக்கு 2 கிராம்வரை கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டு நீரில் அமைலாய்டு அளவில் ஒரு வேறுபாடு தெரிந்தது. ஆனால் மூளையின் பருமன் மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் கூடுதலாகச் சுருங்கியது. இதற்கு என்ன அர்த்தம் என்பது முடிவாகவில்லை. சிவப்பு ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ஒரு லிட்டரில் சில மில்லிகிராம்தான் இருக்கும். மதுவே கால் நரம்புகளைக் கெடுக்கும், தயமின் என்ற வைட்டமின் பி1ஐயும் வற்றவைக்கும். ஈஜிசிஜியைப் பார்க்கின்சனுக்கு நெருங்கிய உறவான எம்எஸ்ஏ என்ற நோய் உள்ள 92 பேரிடம் 48 வாரம் சோதித்த ஜெர்மன் ஆய்வு 2019இல் வந்தது. பலன் இல்லை, இருவருக்குக் கல்லீரல் பாதித்து மருந்தை நிறுத்தவேண்டி வந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. சிகாகோவில் 921 முதியவர்களைச் சராசரியாக 6 வருடம் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் ஃபிளேவொனால் (குவெர்செட்டின் வகை) நாளுக்கு 15 மில்லிகிராம் அளவில் எடுத்தவர்களுக்கு, 5 மில்லிகிராம் எடுத்தவர்களைவிட அல்சைமர் வரும் வாய்ப்பு 48 சதவீதம் குறைவாக இருந்தது. 15 மில்லிகிராம் என்பது நமக்குப் பெரிய அளவே அல்ல. 50 கிராம் சின்ன வெங்காயம் போட்ட குழம்பும் ஒரு பிடி முருங்கைக்கீரையும் அதைத் தாண்டிவிடும். 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் 3,562 பேருக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கோக்கோ ஃபிளேவனால் (பெயர் ஒத்திருந்தாலும் இது கேட்டகின் வகை) அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். மொத்தக் குழுவில் வேறுபாடு தெளிவாக இல்லை, ஏற்கெனவே ஃபிளேவனால் குறைவாகச் சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் மட்டும் சற்றுக் கூடியது. என் கணிப்பு இதுதான்: குறைவாக இருப்பதை உணவால் நிரப்பினால் பலன் உண்டு, நிரம்பியதற்குமேல் கேப்சூலாக ஊற்றினால் இல்லை.

காப்பியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஹவாயில் 8,004 ஆண்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 2000இல் வந்தது. காப்பி குடித்தவர்களுக்குப் பார்க்கின்சன் கணிசமாகக் குறைவு, காரணம் கஃபீன்தான் என்று தெரிந்தது. அந்தக் கஃபீனையே நோய் வந்த 121 பேரிடம் நாளுக்கு 400 மில்லிகிராம் என்று சோதித்துப் பார்த்த 2017 ஆய்வில் உடல் அசைவில் முன்னேற்றம் இல்லை. கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் டோபமைன் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். வருவதைத் தள்ளிப்போடுவது வேறு, வந்ததைத் திருப்புவது வேறு. உங்கள் அப்பாவுக்கு இரண்டாவதைச் செய்யும் பாலிஃபீனால் இல்லை. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் முதலாவது பொருந்தலாம்.

கேப்சூலில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். முதலில் கல்லீரல். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்கு கூடியது. அன்றிலிருந்து பல கேப்சூல்களில் பைப்பரின் சேர்கிறது. கல்லீரலின் வெளியேற்றும் வேலையைத் தடுத்துத்தான் பைப்பரின் இதைச் செய்கிறது. ஆகவே மற்ற மருந்துகளின் அளவும் சேர்ந்தே ஏறும். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் மூன்றிலும் இது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்குக் குர்குமின் ரத்தக் கசிவைக் கூட்டலாம். மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம், பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைக்கும் அதே வகைதான் எதிரி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல், மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று எச்சரித்தது. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களும் குர்குமின் கேப்சூலைத் தொடவேண்டாம்.

சமையல் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தட்டுக் குழம்பில் அரை கிராம் தூள் என்றால் 15 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த 2 கிராமுக்குச் சுமார் 67 கிராம் தூள் வேண்டும். எந்தப் பாட்டியும் சமையலில் அவ்வளவு போட்டதில்லை. மஞ்சளில் நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு: ஈயம். விரலி மஞ்சளுக்கு மெருகேற்றும்போது பளிச்சென்ற நிறத்துக்காக ஈய குரோமேட் சேர்ப்பதை வங்கதேச ஆய்வு 2019இல் ஆவணப்படுத்தியது, பாட்னாவில் எடுத்த மாதிரிகளிலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. ஈயம் நேரடியான நரம்பு நஞ்சு. தண்ணீர் டம்ளரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுப் பார்க்கும் சோதனை கரையும் சாயத்தைக் காட்டிக்கொடுக்கும், ஈய குரோமேட் கரையாது என்பதால் தப்பிவிடும். ஆகவே மங்கலான, மெருகில்லாத விரலியாக வாங்கி, உடைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதைவிட வெளித்தோல் கண்ணைப் பறித்தால் வேண்டாம். தேய்த்துக் கழுவி, காயவைத்து, மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது நல்லெண்ணெய்த் தாளிப்பில் சேருங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும்.

கவுனி அரிசியில் பலர் செய்யும் தவறு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவது. ஆந்தோசயனின் தண்ணீரில் கரைவது, அந்தக் கருநீலம் முழுக்க அதுதான். ஆகவே முதலில் இரண்டு தண்ணீரில் விரைவாகக் களைந்துவிட்டு, ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீரில் இரவே ஊறவைத்து, காலையில் அதே தண்ணீரில் வேகவையுங்கள். கடையில் கிடைத்தது சாயம் ஏற்றியதா என்ற சந்தேகம் இருந்தால், ஊறிய தண்ணீரில் ஒரு கரண்டி தனியே எடுத்து எலுமிச்சை பிழியுங்கள். ஆந்தோசயனின் இளஞ்சிவப்பாக மாறும். இன்னொரு கரண்டியில் சமையல் சோடா சிட்டிகை போட்டால் நீலமோ பச்சையோ ஆகும். சோடா போட்டு வேகவைத்தால் சத்து போய்விடும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். மாப்பிள்ளை சம்பா, பூங்கார் போன்ற சிவப்பரிசிகளில் இருப்பது துவர்ப்பான வேறு வகை, அது தவிட்டில்தான் இருக்கிறது. ஆலையில் வெள்ளையாகத் தீட்டினால் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒன்றை மறக்கவேண்டாம்: கவுனியும் அரிசிதான். சர்க்கரை உள்ளவர் அளவைக் கூட்டினால் பாத நரம்புக்குக் கேடு செய்வது அந்தக் கூடுதல் மாவுச்சத்து.

வாழைப்பூ நறுக்கியதும் கருப்பது, அதன் பாலிஃபீனாலைக் காற்றோடு சேர்த்து ஒரு நொதி ஆக்சிஜனேற்றுவதால். மோர் கலந்த தண்ணீரில் போட்டால் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்குகிறது. ஆனால் துவர்ப்பு போகவேண்டும் என்று மணிக்கணக்கில் ஊறவைத்துப் பிழிந்தால் சத்தும் மோரோடு போய்விடும். கொதிக்கும் பருப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நறுக்கியதும் போடுங்கள். சின்ன வெங்காயத்தில் சத்து வெளிப் படலங்களில் அதிகம், உரிக்கும்போது காகிதத் தோலோடு நிறுத்துங்கள். நாலைந்து படலத்தை எறியாதீர்கள். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்கவேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளுங்கள். அதன் பாலிஃபீனால் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ள பெண்கள் வீட்டில் இருந்தால் இது அவசியம்.

பூனைக்காலி விதையைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அது பாலிஃபீனால் அல்ல. அதில் இருப்பது லீவோடோபா, பார்க்கின்சன் மாத்திரையில் உள்ள அதே மருந்து, விதையின் எடையில் சுமார் 4 முதல் 6 சதவீதம். அதனால்தான் அது உண்மையாகவே வேலை செய்கிறது, அதனால்தான் ஆபத்தும். மாத்திரை சாப்பிடுகிறவர் பொடியையும் சேர்த்தால் அளவு இரட்டிப்பாகி வாந்தி, தன்னை மீறிய அசைவுகள், மனக்குழப்பம் வரும். விதைக்கு விதை அளவும் மாறும். உங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் உறுதியாகி லீவோடோபா-கார்பிடோபா தொடங்கினால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் குடலில் அதோடு போட்டியிடும். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி இடைவெளி வேண்டும். திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது செய்யவேண்டியது: மூன்று கேப்சூலையும் இன்றே நிறுத்துங்கள். இவற்றை நிறுத்துவதால் கெடுதல் எதுவும் இல்லை. சில வாரமாகக் கொடுத்திருந்தால் கல்லீரல் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி, பிலிருபின் ரத்தச் சோதனை இரண்டையும் பாருங்கள். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனாலோ சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பி12, டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகம்) சோதனைகளை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் இந்தக் கேப்சூல் டப்பாக்களையும் ஒரே பையில் போட்டு, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கை நடுங்குவதை, மடியில் வைத்திருக்கும்போதும் டம்ளரைத் தூக்கும்போதும், போனில் ஒரு நிமிடம் படம் பிடித்து எடுத்துப்போங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நடுக்கம் மாறிவிடுவது உண்டு.